ஆறு மணிப் பிறீ கிக்

அந்தப் பந்தைச் சுற்றி நின்றவர்கள்: நீலத்திரை விளையாட்டுக் கழகத்தின் கப்டன் சிமியோன். அவனுடைய தம்பி ஜெரோசன். வலது பக்கம் விளையாடுகிற றஜிந்தன். எதிரணியான கலங்கரைக் கழகத்திலிருந்து தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்ற ஐந்து பேர், அவர்களுக்குப் பின்னால் கீப்பர் றிச்சர்ட். நெல்லியடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்த நடுவர் சிவகரன். கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு, நீலத்திரையின் பயிற்சியாளரும் சிமியோனின் மனைவியுமான ஜெசிதா. கொஞ்சம் தள்ளி, கோயில் மணிக்கூண்டின் கீழே கயிற்றைப் பிடித்தபடி, மணியடிக்கிற அடைக்கலநாதன். மதிலுக்கு அந்தப் பக்கம், கன்னியர் மடத்துக் கத்தரித் தோட்டத்தில், வாளியும் கையுமாக சிஸ்டர் கத்தரீனா. இதைவிட மைதானத்தைச் சுற்றி ஊரில் பாதி. இவ்வளவு பேர் நின்றும் அடுத்து நடந்ததைக் கண்டவர் என்று ஒருவரும் இல்லை.

சிமியோனுக்கு முப்பத்தாறு வயது. ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் நித்திரை, பின்னேரம் பந்து. கொஞ்சக் காலம் கடலுக்கும் போனான். அலை வயிற்றைப் பிரட்டுகிறது என்று விட்டுவிட்டான். கரையோரப் பங்கில் பிறந்த ஒருவன் வெளியில் சொல்லக்கூடிய காரணம் இல்லை அது. அவன் சொன்னான். ஊர் சிரித்து முடிக்க ஒரு வருடம் எடுத்தது. அந்தச் சிரிப்பை நிறுத்தியது ஒரு பிறீ கிக். பெருநாள் கிண்ண இறுதியாட்டம் ஒன்றில், தூரத்திலிருந்து, யாருக்கும் கொடுக்காமல், நேரே அடித்தான். கீப்பர் அசையவில்லை. பந்து வலையில் விழுந்து உருண்ட பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து ஊர் அந்த அடியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது. கதைக்கக் கதைக்கத் தூரமும் கூடியது. இப்போது அது கோயில் வாசலில் வைத்து அடித்த அடி என்ற அளவுக்கு வந்துவிட்டது. சிமியோன் திருத்தப் போகவில்லை.

அதற்குப் பிறகு நீலத்திரைக்குக் கிடைத்த பிறீ கிக் எல்லாம் அவனுடையதுதான். பந்தை வைப்பான், நாலு எட்டுப் பின்னால் போவான், நெற்றியில் சிலுவை போடுவான், அடிப்பான். ஒன்றும் விழவில்லை என்பதை ஊர் நாகரிகமாகக் காணாமல் விட்டது. கண்டவர் சிஸ்டர் கத்தரீனா மட்டும்தான், ஏனென்றால் அந்தப் பந்துகள் எல்லாம் மேற்குப் பக்கக் கோலுக்கு மேலால் பறந்து அவருடைய கத்தரிச் செடிகளில் போய் இறங்கின. பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் ஒரு சட்டம் போட்டார். மதில் ஏறிக் குதிக்கக் கூடாது. அடித்தவன் எவனோ அவனே வாசலால் வந்து கேட்டு எடுக்க வேண்டும். வந்தவனுக்குப் பந்து சும்மா கிடைக்காது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். ஆறு மணிக்குப் பிறகு வந்தால் கதவைப் பூட்டிவிடுவார், மாலைச் செபம் முடியும் வரைக்கும் உள்ளேயே இருக்க வேண்டும். கத்தரித் தோட்டம் செழிப்பாகத்தான் இருந்தது. அதில் பாதி சிமியோன் ஊற்றிய தண்ணீர்.

ஜெசிதா மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. படிக்கிற காலத்தில் மாவட்ட அணிக்கு விளையாடியவள். பழைய பயிற்சியாளர் கனடாவுக்குப் போனதும், பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கிற ஒரே ஆள் என்று கழகத்தார் அவளிடம் வந்தார்கள். கப்டனின் மனைவி, கப்டன் சொல்வதைக் கேட்டு நடப்பாள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். முதல் நாளே அவள் கப்டனைப் பிந்தி வந்ததற்காக மைதானத்தைச் சுற்றி ஓட விட்டாள். வீட்டில் அவன் அவளுக்கு "இஞ்சாருங்கோ". மைதானத்தில் "கப்டன்". அவனுக்கு அவள் வீட்டில் "ஜெசி", மைதானத்தில் "கோச்". அந்த விஷயத்தில் இருவரும் ஒழுங்கு.

இந்த வருடப் பெருநாள் கிண்ண இறுதியாட்டத்துக்கு முதல் அவள் பெடியளை மணலில் இருத்தி, கடலில் மீனுக்குக் கட்டுகிற களங்கட்டி ஒன்றைத் தடியால் கீறிக் காட்டினாள்.

"களங்கட்டியைப் பாத்திருக்கிறியள்தானே? மீனுக்குப் பின்னாலை ஆரும் ஓடுறேல்லை. தடியை நட்டுச் சிறகு வலையைக் கட்டிவிட்டா, அது சிறகோடை சிறகா நடந்து தானாப் பட்டிக்குள்ளை போயிடும். கலங்கரைக்காரரும் மீன்தான்."

திட்டம் இலகுவானது. சிமியோன் அடிக்கப்போவதுபோல் நிற்க, றஜிந்தன் பந்துக்கு மேலால் பாய்ந்து வலது பக்கம் ஓட வேண்டும். தடுத்து நிற்கிற வரிசை அவன் பின்னால் கண்ணைக் கொண்டுபோகும், காலையும் கொண்டுபோகும். இடது பக்கம் ஜெரோசன் தனியாக நிற்பான். சிமியோன் பந்தை அவனுக்குத் தட்டிவிட வேண்டும்.

"தட்டிவிடுறதோ?" என்றான் சிமியோன்.

"மெதுவா. காலின்ரை உள்பக்கத்தாலை."

"நானோ?"

மீன் சந்தையில் மரக்கறி கேட்டவனைப் பார்ப்பதுபோல் அவன் அவளைப் பார்த்தான். றஜிந்தன் சிரிப்பை அடக்க முடியாமல் மணலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டான்.

சைகை ஒன்று வேண்டும் என்று வந்தது. இருமலாம் என்றான் றஜிந்தன். கால் மேஸை இழுத்துவிடலாம் என்றான் ஜெரோசன். ஜெசிதா யோசித்துவிட்டுச் சொன்னாள். "கப்டன் சிலுவை போட்டா களங்கட்டி. போடாட்டி நேர் அடி. சிலுவை எல்லாரும் போடுறதுதானே, ஒருத்தருக்கும் சந்தேகம் வராது."

"சிலுவை போடாமல் அடிச்சா பந்து எங்கை போகுமோ ஆருக்குத் தெரியும்" என்றான் சிமியோன்.

"போட்டு அடிச்சே மடத்துக்குத்தானே போனது, கப்டன்."

இறுதியாட்டத்தன்று காலை சிமியோன் வேலையால் வந்து குளித்துவிட்டுப் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜெசிதா எதிரே வந்து இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கிட்டத்திலை பிறீ கிக் கிடைச்சா சிலுவையைப் போடுங்கோ."

"நேர அடிச்சா என்ன குறைஞ்சு போகும்?"

"ஒண்டும் குறையாது. சிஸ்டருக்குக் கத்தரிக்காய் குறையும்."

அவன் பாணைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தான். "சரி. கேள். இண்டைக்கு நேர அடிச்சு ஒண்டெண்டாலும் விழேல்லையெண்டா, இனிப் பந்துக்குக் கிட்ட நான் வாறேல்லை. பிறீ கிக் எல்லாம் ஜெரோசன் அடிக்கட்டும். கையிலை கட்டுற கப்டன் பட்டியும் அவனுக்கு. அந்தோனியாராணை."

"அந்தோனியாரை இழுக்காதேங்கோ. அவர் துலைஞ்சதைத் தேடிக் குடுக்கிறவர். உங்கடை பந்துகளாலை அவருக்கு ஏற்கெனவே வேலை கூட."

சொல்லிவிட்டுச் சிரித்தாளே தவிர, அவளுக்கு அந்தச் சத்தியம் பிடிக்கவில்லை. அவள் கேட்டது ஒரு பாஸ். அவன் பணயமாக வைத்தது முழுவதையும். சிமியோனும் அதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்தான். பிறீ கிக்கை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஐஸ் கட்டி தள்ளுகிற ஒருவன், கடலுக்குப் பயந்தவன். அது பொய்யும் இல்லை. இருந்தாலும் நித்திரை வரவில்லை.

ஆட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. றஜிந்தன் ஒன்று போட்டான், கலங்கரை ஒன்று போட்டது. இடைவேளையில் நடுவர் சிவகரன் மேற்குப் பக்கக் கோலைச் சுற்றி வந்து, வலையின் மேற்பக்கத்தைக் கையால் தூக்கிக் காட்டினார். கழகத்துக்குச் சும்மா கிடைத்த பழைய பச்சை நைலோன் மீன்வலை அது.

"தம்பியவை, இதிலை ஒரு கிழிசல் கிடக்கு."

"என்ன சேர், வலை பொத்தத் தெரியாத ஆக்களே நாங்கள்?" என்றான் றஜிந்தன். இரண்டு அணியும் சிரித்தது. பக்கத்தில் நின்ற சனமும் சிரித்தது. அந்த மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு வலை பொத்தக்கூடியவர்கள் நூறு பேராவது நின்றிருப்பார்கள். நடுவர் ஒருவருக்குத்தான் தெரியாது. யாரோ வலை ஊசியும் நூலும் கொண்டுவந்து சிமியோனிடம் கொடுத்தார்கள். அவன் ஒரு முடிச்சுப் போட்டான். விசில் கேட்டது. ஊசியைக் கோல் கம்பத்தின் அடியில் மணலில் குத்திவிட்டு ஓடினான். மிச்சத்தை யாராவது பொத்துவார்கள் என்று அவன் நினைத்தான். அங்கே நின்ற எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இரண்டாம் பாதியில் நீலத்திரைக்குத் தூரத்தில் இரண்டு பிறீ கிக் கிடைத்தது. இரண்டுக்கும் சிமியோன் சிலுவை போடவில்லை. இரண்டு பந்தும் மடத்துக்குள் போயின. ஆட்டம் நடக்கிற நேரம் அடித்தவன் போய்த் தண்ணீர் இறைக்க முடியாது என்பதால் அவை அங்கேயே கிடந்தன. மூன்றாவது பந்துக்கு ஜெரோசன் வீடுவரைக்கும் ஓட வேண்டி வந்தது. அதனால் ஆறு மணிக்கு முதல் முடிய வேண்டிய ஆட்டம் இழுபட்டது. அடைக்கலநாதன் ஆறு மணிக்கான மணியை அடிக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இப்ப முடிஞ்சிடும், இப்ப முடிஞ்சிடும்" என்று தனக்குத்தானே சொல்லியபடி பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பங்குத்தந்தை அறைவீட்டு வாசலுக்கு வந்து அவருக்குத் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டிக்குச் சற்று வெளியே ஜெரோசனின் காலைத் தட்டி விழுத்தினார்கள். பிறீ கிக். மேற்குப் பக்கக் கோல். ஆட்டம் இன்னும் சமநிலை.

எல்லோரும் சிமியோனின் வலக்கையைப் பார்த்தார்கள். அவன் அதை இடுப்பில் வைத்து அமத்திப் பிடித்திருந்தான்.

"கப்டன்!" என்று ஜெசிதா கோட்டுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணை, போடுறியளோ இல்லையோ?" என்று றஜிந்தன் வாய்க்குள் கேட்டான்.

"வாயை மூடு."

"அண்ணை, நான் இடப்பக்கம் நிக்கிறன்" என்றான் ஜெரோசன். "ஒருத்தனும் என்னைப் பாக்கேல்லை."

"நில். வடிவா நில்."

கலங்கரை வரிசையில் நின்ற நெட்டையன் கையைக் குவித்துக் கத்தினான். "சிமியோன் அண்ணை! சிஸ்டருக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு அடியுங்கோ, பாவம் மனிசி தோட்டத்துக்குள்ளை நிக்குது!" மைதானம் முழுக்கச் சிரித்தது. சிமியோனுக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் அவனுக்கு எரிச்சல். அவன் முடிவெடுத்துவிட்டான். நேர் அடி. விழுந்தால் விழட்டும், விழாவிட்டால் பட்டியைக் கழற்றித் தம்பியின் கையில் கட்டிவிட்டுப் போகலாம். தட்டிக்கொடுத்து வெல்வதைவிட அது சுத்தம்.

சிவகரன் விசிலை ஊதினார். சிமியோன் காலைத் தூக்கினான்.

கோயில் மணி அடித்தது.

அந்தக் கரையில் ஆறு மணி மணிக்குக் கை தானாக எழும்பும். யோசித்து எழும்புவதில்லை. வள்ளம் தள்ளுகிறவன் தள்ளுவதை விட்டுவிடுவான், சண்டை பிடிக்கிறவன் கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்குவான். மைதானத்தில் இருந்த அத்தனை தலையும் குனிந்தன, அத்தனை கையும் நெற்றிக்குப் போயின. வரிசையில் நின்ற ஐந்து பேரும் போட்டார்கள். கையுறையோடு றிச்சர்ட் போட்டான். கோட்டுக்காரர்கள் கொடியைக் கக்கத்தில் செருகிவிட்டுப் போட்டார்கள். தன்னைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்ததைக் கண்டு திடுக்கிட்ட, அந்தக் கரையின் வழக்கம் தெரியாத சிவகரன் என்னவோ ஏதோ என்று மணிக்கூண்டைத் திரும்பிப் பார்த்தார். சிமியோனின் கையும், இடுப்பில் அமத்திப் பிடித்திருந்த அதே கைதான், எழும்பிப் போய்ச் சிலுவை போட்டது.

றஜிந்தனுக்கு அது போதும். கப்டன் சிலுவை போட்டுவிட்டார். தன்னுடைய சிலுவையைப் பாதியில் விட்டு, கை தோளில் கிடக்க, பந்துக்கு மேலால் பாய்ந்து வலது பக்கம் ஓடினான். காலடிச் சத்தம் கேட்டு வரிசை குனிந்த தலையோடேயே அந்தப் பக்கம் சாய்ந்தது. நடுவில் ஒரு கதவு அளவுக்கு இடைவெளி விட்டது. சிமியோன் இரண்டையும் கண்டான். முன்னால் அந்த இடைவெளி. இடது பக்கம் ஜெரோசன், தனியாக, கையை உயர்த்திக்கொண்டு, தட்டிவிட்டால் போதும் என்று நின்றான். யோசிக்க நேரம் இருந்தது என்று பிறகு ஜெசிதா சொன்னாள். இருக்கவில்லை. வாய் ஆமென் சொன்னது, கால் போய்விட்டது. தலையைக் குனிந்து, கண்ணை மூடி, இருந்த பலம் முழுவதையும் போட்டு அடித்தான்.

கம்பத்தில் பட்ட சத்தம் இல்லை. மணி அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளே, மதிலுக்கு அந்தப் பக்கம், தகர வாளி ஒன்று விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

மணி நின்றதும் தலைகள் நிமிர்ந்தன. பந்தைக் காணவில்லை.

"கோல்!" என்று கத்தினான் றஜிந்தன்.

"மேலாலை போச்சு!" என்றான் றிச்சர்ட்.

"நீ கண்டனியோ?"

"நீ கண்டனியோ?"

இரண்டு பேரும் சிவகரனைப் பார்த்தார்கள். சிவகரன் நேர்மையான மனிதர். "நான் மணியைப் பாத்தனான்" என்றார். பிறகு வலையடிக்குப் போனார். கிழிசல் இருந்தது. பந்து போகக்கூடிய கிழிசல்தான். பக்கத்திலே மணலில் வலை ஊசி நட்டபடி நின்றது. கோலுக்குள்ளால் வந்து அந்தக் கிழிசலால் வெளியேறியும் போயிருக்கலாம், கம்பத்துக்கு மேலால் ஒரேயடியாகவும் போயிருக்கலாம்.

"இது முந்தி இருந்த அளவோ, இப்ப கூடியிருக்கோ?" என்று கேட்டார்.

கேட்டது பிழை. சனம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. நூறு பேரும் வலையைப் பிடித்து நூலைத் தடவிப் பார்த்தார்கள். "பழைய அறுவை" என்றார் ஒருவர். "விசர்க்கதை கதையாதை, நுனி வெளுத்துக் கிடக்கு, இப்பத்தான் அறுந்தது" என்றார் இன்னொருவர். "சிமியோன் போட்ட முடிச்சு கழண்டு கிடக்கு" என்றார் மூன்றாமவர். "அவன் போட்டா கழலும்தானே, கடலுக்குப் போகாதவன்" என்றார் நாலாமவர். கிழிசல் பார்க்கப் பார்க்கப் பெரிதாகிக்கொண்டு போனது.

சிமியோன் கொஞ்சம் தள்ளி நின்றான். ஜெசிதா அவனிடம் வந்தாள்.

"சிலுவை போட்டனியள்."

"மணி அடிச்சது."

"போட்டிட்டு, தட்டாமல் அடிச்சனியள்."

"வரிசை விலகிச்சுது, கோச்."

"ஆராலை விலகினது?"

அவன் றஜிந்தன் நின்ற பக்கம் பார்த்தான். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிய, மெதுவாக, வீட்டுக் குரலில் கேட்டாள். "கோல் எண்டா ஆற்றை கோல் அது? இஞ்சாருங்கோ, கோல் இல்லையெண்டா என்ன செய்யப் போறியள்?"

"சொன்னதைச் செய்வன்." அவன் கையில் கட்டியிருந்த பட்டியை ஒருதரம் இழுத்துவிட்டுக்கொண்டான். தூரத்தில் ஜெரோசன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினான். அவனுக்கு அந்தப் பட்டி வேண்டியிருந்தது, இப்படி வேண்டியிருக்கவில்லை.

ஜெசிதா சிவகரனிடம் போனாள். "சேர், கிழிசலாலை போயிருந்தா பந்திலை நூல் கொழுவியிருக்கும். பச்சை நூல். பந்தைப் பாத்தாத் தெரியும்."

"பந்து எங்கை?"

எல்லோரும் மதிலைப் பார்த்தார்கள்.

"அடிச்ச ஆள்தான் போக வேணும். சிஸ்டரின்ரை சட்டம்" என்றான் றஜிந்தன்.

"நல்ல கதை!" என்றான் றிச்சர்ட். "அவரே போய் அவரே நூலைச் சுத்திக்கொண்டு வருவார்!"

"சிஸ்டர் சாட்சி" என்றார் சிவகரன். அதற்கு இரண்டு அணியிலும் மறுபேச்சு இல்லை.

சிமியோன் மைதானத்தைக் கடந்து, மதிலோரமாக நடந்து, மடத்து வாசலுக்குப் போனான். பின்னால் வீரர்கள், கொடிக்காரர், சனம் எல்லாம் பெருநாள் சுற்றுப்பிரகாரம் போல வந்தது. அவன் தட்டினான். சிஸ்டர் கத்தரீனா கதவைத் திறந்தார். வெள்ளை உடுப்பின் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"பந்து, சிஸ்டர்…"

"மணி அடிச்சிட்டுது, சிமியோன்."

"ஓம், சிஸ்டர். ஒருக்கால் பாத்திட்டு உடனை வாறன். எல்லாரும் காத்துக்கொண்டு நிக்கினம்."

"நிக்கட்டும். செபம் முடிய எடுக்கலாம். முதல்லை உள்ளை வாரும், காலைக் கழுவும்."

அவன் படியில் ஏறித் திரும்பிப் பார்த்தான். முன்வரிசையில் ஜெசிதா நின்றாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிக்கிறாளா இல்லையா என்று தெரியாத முகத்தோடு. பக்கத்தில் ஜெரோசன். இரண்டு பேரும் கழுத்தை நீட்டி அவனுக்கு மேலால் உள்ளே பார்த்தார்கள். அவனும் உள்ளே பார்த்தான். முற்றத்துக்கு அப்பால், கத்தரிப் பாத்திகளுக்கு நடுவில், கவிழ்ந்த வாளிக்குப் பக்கத்தில் ஈரமண்ணில் பந்து கிடந்தது. அதில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. நூலாகவும் இருக்கலாம். கத்தரி இலையாகவும் இருக்கலாம். மங்கலில் இங்கிருந்து தெரியவில்லை. உள்ளே சிற்றாலயத்தில் சிஸ்டர்மார் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

"நடவும்" என்றார் சிஸ்டர் கத்தரீனா. அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டித் திறப்பை எடுத்துத் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.